மணல் மூடுன கழனி, பிஞ்சிபோன ஏரிக்கரை: வெள்ளத்துக்கு அப்புறம் எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

பெண்ணையாத்தங்கரை | 14 டிசம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். அரகண்டநல்லூருக்குக் கீழ தென்பெண்ணை ஓரமா எங்க ஊரு. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையேறி, நகராம அங்கயே நின்னு கொட்டுச்சி. மயிலத்துல 51 செ.மீ., அந்தாண்ட ஊத்தங்கரைல 50. எங்களுக்கு மழையால பெருசா ஒண்ணும் ஆகல. டிசம்பர் 2 விடியறதுக்குள்ள சாத்தனூர் அணைல இருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி எறங்குச்சி பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சி.

ஆத்தோரக் கழனில முழங்கால் மட்டும் மணல். கரும்பு படுத்துடுச்சி. மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லைல வரப்பு எங்க இருந்துச்சின்னே தெரியல. ஏரிக்கரை ரெண்டு இடத்துல பிஞ்சிக்கிச்சி. ரேஷன் கார்டுக்கு நிவாரணம் 2,000 ரூபா வாங்கிட்டோம், பயிர் கணக்கெடுப்பு நடந்துக்கினு இருக்குது.

பிரச்சினை என்னன்னா, ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பண்றாங்க. காசு இருக்கறவங்க ஜேசிபி வச்சி அவங்க மணலை அடுத்தவன் வரப்புல தள்றாங்க. ரெண்டு அடிதடி ஆயிடுச்சி. போன வருஷம் தாமிரபரணில அடி வாங்கினவங்க இங்க நிறைய பேரு இருக்கீங்க. எதை முதல்ல செஞ்சீங்க? எதைச் செய்யாம விட்டிருக்கலாம்?

ஏரல்_வாழைக்காரன் | 14 டிசம்பர் 2024

தம்பி, ஜேசிபிய ஒரு வாரம் நிறுத்துங்க. மீதிய அப்புறம் பேசுவோம்.

எங்களுக்கு 2023 டிசம்பர் 17, 18. ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. எங்க தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருசம் முழுக்கப் பெய்யுறதே 70க்குக் கீழ. மேல மாஞ்சோலை மலைலயும் 55. ஆத்துத் தண்ணியும் காட்டுத் தண்ணியும் உடைஞ்ச குளத்துத் தண்ணியும் ஒண்ணாச் சேந்து வந்தா என்ன ஆவும்? 1992 வெள்ளத்தைப் பாத்த பெருசுகளே இது வேறன்னுட்டாவ.

தண்ணி வடிஞ்சதும் நாங்க தோட்டத்துப் பக்கமே போவல. செத்த மாடு, ஆட்டைப் புதைச்சோம். அதுக்கு ஒரு நாளு தள்ளிப்போட்டாக்கூட ஊருக்குள்ள நிக்க முடியாது. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டு ஆழமாக் குழி. அப்புறம் குடிதண்ணி. ஆத்துக்குள்ள இருக்க உறைகிணறு எல்லாம் மண்ணடிச்சுப் போச்சு, கூட்டுக் குடிநீர்த் திட்டம் படுத்துட்டு. ஊர்ப் பொதுக்கிணத்தை முழுசா இறைச்சுக் கொட்டி, மருந்து போட்டு, ஊறின தண்ணிய சுடவச்சுக் குடிச்சோம்.

அதுக்குப் பெறவு வாய்க்கா. இதைத்தாம் நான் அழுத்திச் சொல்லுதேன். ஒருத்தன் தோட்டத்துத் தண்ணி வடியணும்னா கடைசித் தோட்டக்காரன் வாய்க்கா தொறந்திருக்கணும். வாழைக்கு அடில மூணு நாலு நாளு தண்ணி நின்னா கிழங்கு அழுவிரும். அதனால கீழ இருந்து மேல நோக்கி வெட்டிட்டு வந்தோம். அவனவன் தோட்டத்துல தொடங்கியிருந்தா மொத்தமும் போயிருக்கும்.

கொடிக்கால் | 15 டிசம்பர் 2024

ஆத்தூர் பக்கம். அண்ணாச்சி சொன்னது சரி. வெத்தலைக்கு ரெண்டு நாள் தேக்கம் போதும், கொடி வாடிரும். கொடி ஏறி நிக்கிற அகத்தியும் சேந்து சாயும். அந்த வருசம்தான் ஆத்தூர் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சு ஊரே சந்தோசமா இருந்தது. டிசம்பர்ல ஒரு கவுளி கட்ட இலை இல்ல.

ஒண்ணு சொல்லணும். எல்லாக் கொடிக்காலும் சாகல. மேட்டுல இருந்த சிலது பொழைச்சது. அவங்க தங்களோட விதைக்கொடிய மத்தவங்களுக்குக் கடனாக் கொடுத்தாங்க, கொடி வந்தா கொடி திரும்பணும்னு பேச்சு. பணம் பேசல. வெளில விலைக்கு வாங்கியிருந்தா பாதிப் பேரு திரும்ப நட்டிருக்க மாட்டாங்க.

காயில்கட்டு | 15 டிசம்பர் 2024

நான் மோட்டார் வைண்டிங் பாக்குறவன், சாத்தான்குளம் ரோடு. பெண்ணையாத்தங்கரை அண்ணன், மோட்டாரைப் பத்தி எழுதாம விட்டுட்டீங்க, ஆனா அது கண்டிப்பா முங்கியிருக்கும். தயவு செஞ்சு யாரும் "ஓடுதான்னு பாப்போம்"னு சுவிட்சைத் தட்டாதீங்க. எங்கிட்ட வந்த மோட்டார்ல தண்ணில கெட்டதைவிட அப்படித் தட்டிக் கருகுனதுதான் அதிகம்.

தரைல வைக்கிற மோனோபிளாக் மோட்டார்னா கழட்டி, நல்ல தண்ணில சேறு போகக் கழுவி, வெயில்ல வச்சு, அப்புறம் ஒரு பெட்டிக்குள்ள குண்டு பல்பு எரியவிட்டுக் காய விடணும். மெக்கர் வச்சுப் பாத்து இன்சுலேசன் நின்னா வார்னிஷும் பேரிங்கும் மட்டும் போதும். பாதிக்குப் பாதி காயில் கட்டாமலே தப்பிக்கும். சப்மெர்சிபிள் தண்ணிக்குள்ள கெடக்கன்னே செஞ்சது, அதுக்குப் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டி போயிருக்கும். போருக்குள்ள சேறு இறங்கியிருந்தா கம்ப்ரசர் விட்டு ஊதி எடுத்துட்டு அப்புறம் ஓட்டுங்க.

ஒரு ஊர்க்காரங்க நல்ல வேலை பண்ணாங்க. ஆளாளுக்கு மோட்டாரத் தூக்கிட்டு டவுனுக்கு வராம, எங்களை ஊருக்கே கூப்பிட்டு சமுதாயக் கூடத்துல உக்கார வச்சுட்டாங்க. பழைய சைக்கிள் டியூபைக் கிழிச்சு ஒவ்வொரு மோட்டார் கழுத்துலயும் கட்டி, அதுல வெள்ளைப் பெயிண்ட்ல சர்வே நம்பர். பேரு கிடையாது. யாருது முதல்லங்கிற சண்டைக்கே இடமில்ல, வாய்க்கா வரிசைப்படி வேலை நடந்தது. கூலி மொத்தமாப் பேசினதால எங்களுக்கும் நாயா அலைய வேண்டியதில்ல, அவங்களுக்கும் குறைஞ்சது.

துபாய்நெல்லை | 15 டிசம்பர் 2024

படிக்கவே பெருமையா இருக்கு. போன வருஷம் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டுனப்ப, பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்போதே பயணிகளுக்குச் சமைச்சுப் போட்டாங்களே, அதுதான் நம்ம மண்ணு. பெண்ணையாத்தங்கரை சகோ, இங்க நாங்க நண்பர்கள் சேர்ந்து துணிமணி, அரிசி சேகரிக்கிறோம். எங்க அனுப்பணும்?

மலர்_தென்கரை | 15 டிசம்பர் 2024

துபாய் அண்ணே, துணி வேண்டாம். போன வருசம் எங்க மெயின் ரோட்டுல லாரி லாரியாப் பழைய துணி வந்து எறங்கி, மழைல நனைஞ்சு, கடைசில அதை அள்ளிக் கொளுத்துறதுக்கு ஆள் விட வேண்டியதாப்போச்சு. அனுப்பணும்னா தார்ப்பாய், மண்வெட்டி, பிள்ளைங்களுக்கு நோட்டு. இல்லைன்னா பணமா அனுப்பி அவங்களையே வாங்க விடுங்க.

அப்புறம் இந்த "நம்ம மண்ணு" பேச்சுக்கு ஒண்ணு சொல்லுதேன், யாரும் கோவப்படக் கூடாது. புதுக்குடி செஞ்சது பெரிய காரியம், ஒத்துக்கிடுதேன். ஆனா லாரி நிக்கிறது மெயின் ரோட்டுல. எங்க தெரு ரோட்டுல இருந்து உள்ள, வயக்காட்டுக்கு நடுவுல. மொதல்ல முங்குறதும் நாங்கதான், கடைசியா வடியுறதும் எங்க தெருதான். சாப்பாட்டுப் பொட்டலம் எங்ககிட்ட வரும்போது ஊசிப்போயிருக்கும். எங்க பிள்ளைங்க போய் ரோட்டுல நின்னா "ஒங்களுக்குத் தனியா வரும்"னாவ. வரல.

ஊர் கூடி வாய்க்கா வெட்டுனோம்னு அண்ணாச்சி எழுதியிருக்காவ. வெட்டுனது யாரு? நிலம் இல்லாத நாங்க. வாய்க்கா தொறந்தா யாரு தோட்டம் பொழைக்கும்? மொத மூணு நாளு ஊர்வேலைன்னு சொல்லிச் சும்மா வெட்டுனோம். எங்க வீட்டுச் சுவரு கரைஞ்சு கெடக்கு, அடுப்பு இல்ல, அப்ப யாரும் ஊர்வேலைன்னு எங்க தெருவுக்கு வரல.

ஏரல்_வாழைக்காரன் | 16 டிசம்பர் 2024

மலரு சொல்லுறதுல மறுக்க ஒண்ணுமில்ல. எங்கூர்லயும் இந்தப் பேச்சு வந்துது. நாலாவது நாளு ஒரு ஆளும் வேலைக்கு வரல. அப்பதான் பெரிய ஆளுகளுக்கு உறைச்சுது.

அதுக்குப் பெறவு கூட்டம் போட்டு ரெண்டு முடிவு. ஏக்கருக்கு இவ்வளவுன்னு நிலம் வச்சிருக்கவன் பணம் போடணும், அதுல இருந்து வெட்டுறவனுக்கு அன்னன்னைக்கே கூலி. கடனோ பொறவோ கிடையாது. ரெண்டாவது, ரெண்டு டிராக்டர் வாரத்துல ஒரு நாளு வெட்டுறவங்க இருக்க கிழக்குத் தெருவுக்கு, சேறு அள்ள, செங்கல் ஏத்த. போட்டவன் பேரு, போடாதவன் பேரு, கொடுத்த கூலி எல்லாம் ரேசன் கடைச் சுவத்துல கரும்பலகைல. நோட்டுல எழுதி எவன் வீட்டுலயாவது வச்சா அது சந்தேகத்துலதான் முடியும்.

மலர்_தென்கரை | 16 டிசம்பர் 2024

அப்படிச் செஞ்ச ஊர்ல நான் இல்லாமப் போயிட்டேன் அண்ணாச்சி.

பெண்ணையாத்தங்கரை அண்ணனுக்கு இன்னொண்ணு. வாரக் கடன் வசூல் பண்றவங்க தண்ணி வடிஞ்ச மறுவாரமே வந்து நிப்பாங்க. எங்க குழுப் பொம்பளைங்க தனித்தனியாப் பதில் சொல்லாம ஒண்ணா உக்காந்து, வேலை தொடங்குற வரைக்கும் தவணை கிடையாது, வட்டி ஏத்தக் கூடாது, எழுதிக் கொடுன்னு கேட்டோம். ஒரு பொழுது பூராக் கத்திட்டு, கடைசில தவணைய மாத்திக் கொடுத்தாங்க. ஒருத்தி பயந்து கம்மலை அடகு வச்சுக் கட்டியிருந்தா மத்தவளும் கட்ட வேண்டியதாயிருக்கும்.

பழைய_கணக்கர் | 16 டிசம்பர் 2024

ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். கணக்கெடுப்பு நடக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு, பிறகு எவ்வளவு அலைந்தாலும் நடக்காது.

இந்தப் புயலுக்கு அறிவிக்கப்பட்ட நிவாரணம் நெல் முதலிய இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் 22,500, மானாவாரிக்கு 8,500. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும். ஹெக்டேர் என்பதைக் கவனியுங்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், என்ன பயிர் பதிந்திருக்கிறதோ அதற்குத்தான் பணம். மல்லாட்டை போட்ட நிலம் அடங்கலில் தரிசு என்று இருந்தால் தரிசுதான்.

குத்தகைக்காரர் நிலைமை மோசம். பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடும், அவர் சென்னையிலோ கோவையிலோ இருப்பார். 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏற்றியவர் எத்தனை பேர்? ஊருக்கு விரல் விட்டு எண்ணலாம். இப்போதைக்கு வழி, பட்டாதாரரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கிக் கணக்கெடுப்பு முடியுமுன் கொடுப்பது. தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து போன் செய்தால் கொடுப்பார், இது என் அனுபவம்.

இந்த முறை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய். கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். அடித்துப் போன மாட்டுக்கு உடல் கிடைக்காது, அங்கேதான் சிக்கல். காது வில்லை எண் பதிந்த சினை ஊசி அட்டை, பால் சொசைட்டி அட்டை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், இவற்றை வைத்து மனு கொடுங்கள். எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மணல்: பட்டா நிலத்தில் கிடந்தாலும் அது கனிமம். வெளியே ஏற்றினால் கடத்தல் வழக்கு. "யாரோ லாரிக்காரர் இலவசமாக அள்ளிக்கொள்கிறேன் என்கிறார்" என்று ஏமாந்து நிலக்காரர் வழக்கில் மாட்டிய கதை உண்டு. ஊர் மொத்தமும் ஒரே மனுவாக ஆட்சியரிடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

பெண்ணையாத்தங்கரை | 17 டிசம்பர் 2024

ஐயா, அந்த லாரிக்காரர் ஏற்கெனவே எங்க ஊருக்கு வந்துட்டாருங்க! நேத்து சாயந்தரமே ரெண்டு பேரு தலையாட்டிட்டாங்க. உங்க பதிவைக் காட்டி நிறுத்திட்டோம். ரொம்ப நன்றி.

மணலை என்னதான் பண்றது? முழுசா எடுக்கணுமா, உழுது கலந்துடலாமா?

கொடிக்கால் | 17 டிசம்பர் 2024

கையில அள்ளிப் பாருங்க. பிசுபிசுன்னு விரல்ல ஒட்டுனா வண்டல், அது வரம். உழுது கலந்து விடுங்க. சரசரன்னு உதிர்ந்தா மணல். அது நாலு விரக்கடைக்குள்ள இருந்தா ஆழ உழுது கலக்கலாம், ரெண்டு வருசம் தொழு உரம் கூடுதலாப் போடணும். முழங்கால் உயரம்னா எடுத்துத்தான் ஆகணும். அதை ஆத்தோரம் உள்ள கடைசி வரப்புல போட்டு உயர்த்தினா அடுத்த தண்ணிக்குக் கொஞ்சம் தாங்கும். ஆனா அது எல்லாரும் ஒத்துக்கிட்டு ஒரே கோட்டுல போட்டா மட்டும்தான். இடைவெளி விட்டா அந்த இடத்துல ஆறு உள்ள வந்துரும்.

எடுத்த இடத்துல முதல்ல தக்கைப்பூண்டு விதைங்க. பூக்கும்போது மடக்கி உழுங்க. நாங்க வாழைக்கும் கொடிக்கும் அதுக்கு அப்புறம்தான் போனோம்.

நெல்லு முழுசா முங்காம நின்னிருந்தா பிடுங்க வேண்டாம். தண்ணிய வடிச்சுட்டு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு, ஒரு ராத்திரி கலந்து வச்சு, மறுநாள் 17 கிலோ பொட்டாசும் சேத்து வீசுங்க. வேளாண் துறைக்காரங்க சொல்றது, கேட்கும்.

ஆரம்பசுகாதாரம் | 18 டிசம்பர் 2024

எல்லாரும் மண்ணையும் மாட்டையும் பேசுறீங்க, காலைப் பாருங்க. சேத்துல வெறுங்காலோட நிக்கிறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவக்குறதுன்னா மறுநாளைக்கு விடாதீங்க. வேலைக்கு இறங்குறவங்க என்ன மாத்திரை போடணும்னு சுகாதார நிலையத்துல கேளுங்க, தருவாங்க. ஆணி, தகரம் கீறினா தனுர்வாதம் வராம டிடி ஊசி. சரிஞ்ச ஓட்டுக்கடியில கைய விடாதீங்க, பாம்புக்கு இப்ப அதுதான் வீடு.

பெண்ணையாத்தங்கரை | 9 பிப்ரவரி 2025

ரொம்ப நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும்.

கூட்டம் போட்டோம். முதல் கூட்டம் ஏரிக்கரைய யாரு கட்டறதுங்கறதுலயே உடைஞ்சிடுச்சி. அது அரசாங்க வேலை, நாம தொட்டா அவங்க கைகழுவிடுவாங்கன்னு ஒரு கட்சி. அவங்க வர்றதுக்குள்ள நவரை நெல்லுப் பட்டம் போயிடும்னு இன்னொரு கட்சி. கடைசில, ரெண்டு உடைப்புக்கும் அதிகாரிங்க மணல் மூட்டை அடுக்கிக் கொடுத்தாங்க, அதுக்கு முன்னால சவுக்குக் கழி ஊனி மண்ணு போட்டது நாங்க. நிரந்தரமாக் கட்ட எஸ்டிமேட் போயிருக்குதாம். ஏரில பாதித் தண்ணி நிக்குது, அதுக்குத் தகுந்தாப்புல பாதி ஆயக்கட்டுலதான் நவரை நட்டிருக்கோம். எந்தப் பாதிங்கறதுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சீட்டு விழாதவங்களுக்கு நட்டவங்க ஏக்கருக்கு ஒரு மூட்டை நெல்லு தரணும்னு பேச்சு. அறுவடைல பாக்கணும், சொன்ன மாதிரி தர்றாங்களான்னு.

மணலுக்கு ஒரே மனு கொடுத்தோம், அனுமதி வந்துது, கடைசி வரப்புல ஒரே கோடாப் போட்டிருக்கோம். கணக்கர் ஐயா சொன்னபடி நாலு பேரு போய்க் கேட்டதுல, பட்டாதாரருங்க முக்காவாசிப் பேரு கடிதம் கொடுத்துட்டாங்க. கொடுக்காதவங்க ரெண்டு பேரும் உள்ளூர்லயே இருக்கறவங்க!

மோட்டாருங்களை ஒரே இடத்துல வச்சிப் பாத்தோம். சைக்கிள் டியூபுக்குப் பதிலா எங்க பசங்க ஆட்டோ நம்பர் பிளேட்டு அடிக்கறவருகிட்ட சின்னதாத் தகடு அடிச்சிக்கினு வந்துட்டானுங்க.

மலர்_தென்கரை | 9 பிப்ரவரி 2025

நல்லது அண்ணே. கூலி?

பெண்ணையாத்தங்கரை | 10 பிப்ரவரி 2025

வாய்க்கா வேலைக்கு நூறு நாள் திட்டத்துலதான் ஆளு எறக்கினோம் அக்கா. வேலை முடிஞ்சிடுச்சி, சம்பளம் வரல. எங்க ஊரு மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் நவம்பர்ல இருந்து நிக்குதுன்றாங்க. காலனிப் பக்கம் கோவமா இருக்காங்க, நியாயம்தான். ஏக்கர் பங்குல சேந்த பணத்துல இருந்து ஆளுக்குக் கொஞ்சம் முன்பணமாக் கொடுத்தோம். அது பத்தாதுன்னு எங்களுக்கே தெரியும். காலனில இடிஞ்ச சுவரு ஏழு வீட்டுக்குப் பசங்க சேந்து எழுப்பிக் கொடுத்திருக்காங்க, தார்ப்பாய் துபாய் அண்ணன் அனுப்பினது.

கணக்கு ஏரல் அண்ணாச்சி சொன்ன மாதிரியே பலகைல எழுதி ரேஷன் கடைகிட்ட மாட்டியிருக்கோம். பெரிய கை ஒருத்தரு இன்னும் பங்கு கொடுக்கல, அவரு பேருக்கு நேரா காலியாத்தான் இருக்குது. நேத்து அவரு பையன் வந்து பலகைய போட்டோ எடுத்துக்கினு போனாரு.

ஏரல்_வாழைக்காரன் | 10 பிப்ரவரி 2025

எடுக்கட்டும். எங்கூர்ல ஒருத்தரு பலகைய அழிச்சே போட்டாரு, மறுநாளு இன்னும் பெரிய எழுத்துல எழுதுனோம். மார்ச்சுல கொடுத்தாரு.

மலர்_தென்கரை | 10 பிப்ரவரி 2025

அதே பலகைல யாருக்கு எவ்வளவு கூலி பாக்கின்னும் எழுதுங்க அண்ணே, பேரோட. நெல்லு அறுத்ததும் மொத மூட்டை வித்து அதைக் கொடுக்கணும்னு இப்பவே பேசி வச்சுக்கிடுங்க. அறுவடைக்கு அப்புறம் பேசுனா நடக்காது.

பெண்ணையாத்தங்கரை | 11 பிப்ரவரி 2025

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வைக்கிறேன் அக்கா. ரெண்டு பேரு எதிர்ப்பாங்க, யாருன்னும் தெரியும்.